எந்த நச்சு? எவ்வளவு? - டீடாக்ஸ் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

தீபாவளி முறுக்கும் லட்டும் டப்பாவின் அடியைத் தொடும் நேரத்தில், ஃபேமிலி குரூப்பில் அந்த மெசேஜ்கள் வரத் தொடங்கிவிடும். 'பண்டிகை முடிந்தது, உடம்பில் சேர்ந்த நச்சை வெளியேற்றுங்கள்.' 'மூன்றே நாளில் கல்லீரல் சுத்தம்.' 'இந்த ஜூஸைக் குடித்தால் கிட்னி புதுசாகிவிடும், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.' அனுப்புகிறவர் பெரும்பாலும் நம் சித்தியோ பெரியப்பாவோதான். நம்மேல் உள்ள அக்கறையில்தான் அனுப்புகிறார்கள்.

'காசா, பணமா? ஒரு டம்ளர் ஜூஸ்தானே, குடித்தால் என்ன ஆகிவிடும்?' என்று நமக்கும் தோன்றும். பல நேரங்களில் ஒன்றும் ஆகாதுதான். ஆனால், ஒரு டம்ளர் ஜூஸ் டயாலிசிஸில் கொண்டுபோய் நிறுத்திய கதைகளும் மருத்துவ ஆவணங்களில் இருக்கின்றன. அதனால் இந்த 'டீடாக்ஸ்' விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

உடம்புக்குள் ஏற்கெனவே இருக்கும் துப்புரவுத் துறை

வலது விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது கல்லீரல். பெரியவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ எடை. சாப்பிட்ட மாத்திரை, குடித்த மது, குடலிலிருந்து வரும் கழிவுகள் என எல்லாவற்றையும் வேதிமாற்றம் செய்வது இதன் வேலை. உதாரணத்துக்கு, நாம் சாப்பிடும் பருப்பு, முட்டை, கறியில் உள்ள புரதம் உடைபடும்போது அமோனியா உண்டாகிறது. அது மூளைக்கு ஆகாத நச்சு. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகம் அந்த யூரியாவைச் சிறுநீரில் வெளியே அனுப்புகிறது. கல்லீரல் சுருங்கிப்போன நோயாளிகளுக்குச் சில நேரம் நினைவு தடுமாறுவதற்கு, இந்த அமோனியா ரத்தத்தில் தேங்குவது ஒரு முக்கியக் காரணம்.

சிறுநீரகங்களின் கணக்கு இன்னும் ஆச்சர்யமானது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் வேண்டியதையெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக வெளியே விடுகின்றன. இது வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற வேலை இல்லை. நீங்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும்போதும் நடக்கிறது.

இந்த இரண்டு உறுப்புகளும் நன்றாக இருந்தால், வெளியிலிருந்து ஒரு சாறு வந்து சுத்தம் செய்ய அங்கே எதுவும் தேங்கியிருக்காது. இவை பழுதாகிவிட்டால், சாறு குடித்துச் சரிசெய்ய முடியாது. அதற்கு ஆஸ்பத்திரிதான்.

உண்மையான டீடாக்ஸ் எங்கே நடக்கிறது?

'நச்சு நீக்கம்' என்பதே பொய் என்று சொல்ல வரவில்லை. அது தினமும் அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் நடக்கிறது. பாம்பு கடித்தவருக்கு விஷமுறிவு ஊசி போடுகிறார்கள். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் கொடுக்கிறார்கள். பாராசிட்டமால் அளவுக்கு மீறிப் போனால் அசிட்டைல்சிஸ்டைன். உடம்பில் ஈயம் ஏறியிருந்தால் அதைப் பிடித்து வெளியேற்றத் தனி மருந்து. சிறுநீரகம் நின்றுபோனால் டயாலிசிஸ்.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. நச்சின் பெயர் தெரியும். அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பரிசோதனையிலோ அறிகுறிகளிலோ கண்டுபிடிக்க வழி உண்டு. சிகிச்சைக்குப் பிறகு குறைந்ததா என்று பார்க்கவும் முடியும்.

விற்பனைக்கு வரும் டீடாக்ஸில் இந்த மூன்றுமே இருக்காது. 2009-ல் இங்கிலாந்தில் 'சென்ஸ் அபவுட் சயின்ஸ்' என்ற அமைப்போடு சேர்ந்து இளம் விஞ்ஞானிகள் சிலர் ஒரு வேலை செய்தார்கள். டீடாக்ஸ் என்ற பெயரில் கடைகளில் விற்கும் 15 பொருட்களை எடுத்துக்கொண்டு, 'இது எந்த நச்சை நீக்குகிறது, ஆதாரம் என்ன?' என்று தயாரிப்பாளர்களிடமே கேட்டார்கள். டீடாக்ஸ் என்றால் என்ன என்பதற்கே எந்த இரண்டு நிறுவனமும் ஒரே விளக்கத்தைச் சொல்லவில்லை. பிறகு 2015-ல், டீடாக்ஸ் டயட்டுகளைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் திரட்டிப் பார்த்தார்கள். விற்பனையில் இருக்கும் எந்த டீடாக்ஸ் டயட்டுக்கும் முறையான ஒப்பீட்டுச் சோதனை நடந்ததாக அவர்களால் காண முடியவில்லை.

'ஆனா எனக்கு வேலை செஞ்சுதே!'

இதைச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. உடம்பில் மாற்றம் தெரியத்தான் செய்யும். அதற்குக் காரணம்தான் வேறு.

முதலில் எடை. நம் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து அரை கிலோ அளவுக்குச் சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் கரைவது இதுதான். இரண்டு மூன்று நாளில் எடை மெஷினில் ஒன்றிரண்டு கிலோ குறைந்து தெரியும். நான்காம் நாள் சோறு, சாம்பார் சாப்பிட ஆரம்பித்ததும் அந்தத் தண்ணீர் திரும்ப வந்துவிடும்.

அடுத்தது தலைவலி. டீடாக்ஸ் தொடங்கிய அடுத்த நாள் தலை வலித்தால், 'நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள்' என்பார்கள். காலையும் மாலையும் ஃபில்டர் காபி குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி வருவது வழக்கம். ஒரு டம்ளர் காபி குடித்தால் போய்விடும் வலி அது.

மூன்றாவது, லேசாக இருக்கும் உணர்வு. ஒரு வாரம் எண்ணெய்ப் பலகாரம், இரவு 11 மணி பிரியாணி, மது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நேரத்தோடு தூங்கினால் யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். அந்த நல்ல பெயரை 1,500 ரூபாய் பவுடர் தட்டிக்கொண்டு போய்விடுகிறது.

கல் என்று வந்தது சோப்பு!

கண்ணால் பார்த்தால் நம்பித்தானே ஆக வேண்டும்? டீடாக்ஸ் வியாபாரம் நம்பியிருப்பது இதைத்தான்.

பித்தப்பைக் கல்லுக்கு ஒரு வைத்தியம் பல வருடங்களாகச் சுற்றுகிறது. சில நாட்கள் ஆப்பிள் ஜூஸ் குடித்து, பிறகு ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் நிறையக் குடிக்க வேண்டும். மறுநாள் மலத்தில் பச்சைப் பச்சையாக உருண்டைகள் வரும். 'பாருங்கள், கல் எல்லாம் வந்துவிட்டது!'

நியூசிலாந்தில் 40 வயதுப் பெண் ஒருவர் அப்படி வந்த 'கற்களை' எடுத்துக்கொண்டு மருத்துவர்களிடம் போனார். அவர்கள் அதை ஆய்வகத்தில் சோதித்தார்கள். நிஜப் பித்தக் கல்லில் இருக்க வேண்டிய கொலஸ்ட்ரால், பிலிருபின், கால்சியம் எதுவும் அதில் இல்லை. 40 டிகிரி சூட்டில் பத்து நிமிடம் வைத்ததும் பச்சை எண்ணெயாக உருகிவிட்டது. அந்தப் பெண் குடித்த எண்ணெய்தான், வயிற்றுக்குள் எலுமிச்சைச் சாற்றோடும் செரிமான நீரோடும் சேர்ந்து சோப்பு உருண்டையாகி வெளியே வந்திருந்தது. 2005-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானது. பித்தப்பையில் கல் இருக்கிறதா, போய்விட்டதா என்பதை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

பாதத்தில் ஒட்டும் டீடாக்ஸ் பட்டையும் இதே ரகம். இரவு உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு படுத்தால் காலையில் கறுத்திருக்கும். அதுதான் உடம்பிலிருந்து வந்த நச்சு என்பார்கள். அந்தப் பட்டைக்குள் இருக்கும் மர வினிகர் பொடி ஈரம் பட்டாலே கறுக்கும். சந்தேகம் இருந்தால், ஒரு பட்டையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் 'கினோகி' என்ற பெயரில் இதை விற்றவர்கள் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2009-ல் வழக்குத் தொடர்ந்து, மறு ஆண்டே விற்கத் தடை வாங்கியது.

காலை உப்புத் தண்ணீரில் வைத்து மின்சாரம் பாய்ச்சும் மெஷின் ஒன்றும் உண்டு. தண்ணீர் பழுப்பாக மாறும். அது மெஷினில் இருக்கும் இரும்புத் தகடு துருப்பிடிப்பதால் வரும் நிறம். கால் வைக்காவிட்டாலும் தண்ணீர் நிறம் மாறும்.

பாட்டி கொடுத்த விளக்கெண்ணெய்

'அந்தக் காலத்திலேயே பேதிக்குக் கொடுப்பார்களே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோடை விடுமுறையில் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றிய பாட்டிகளுக்கு ஒரு காரணம் இருந்தது. பிள்ளைகள் செருப்பில்லாமல் திரிந்தார்கள், வயிற்றில் பூச்சி சாதாரணம். கையில் வேறு மருந்து இல்லை. இன்று அதே வேலைக்கு அல்பெண்டசோல் மாத்திரை இருக்கிறது. தேசிய குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகவே கொடுக்கிறார்கள். பேதியாகி உடம்பு வற்ற வேண்டிய அவசியமே இல்லை.

குடலில் மலம் தங்கி ரத்தத்தில் விஷம் ஏறும் என்ற பயம் நமக்கு மட்டும் உரியதும் இல்லை. நூறு வருடங்களுக்கு முன்பு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்களே அதை நம்பினார்கள். லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர், மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். பிறகு ஆய்வுகள் வந்தன. மலச்சிக்கலில் வரும் தலைபாரமும் சோர்வும் விஷத்தால் அல்ல, குடல் உப்பி அழுத்துவதால்தான் என்று 1919-ல் வால்டர் அல்வாரெஸ் என்ற மருத்துவர் எழுதினார். மருத்துவம் அந்தக் கொள்கையைக் கைவிட்டது. அது இப்போது 'கோலன் கிளென்ஸ்' என்ற பெயரில் விளம்பரங்களில் வாழ்கிறது.

சித்த மருத்துவத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். பதிவு பெற்ற சித்த மருத்துவர் உங்களை நேரில் பார்த்து, வயதும் வேறு நோய்களும் விசாரித்து, அளவும் பத்தியமும் சொல்லிக் கொடுப்பது ஒன்று. யார் எழுதியது என்றே தெரியாத ஒரு ஃபார்வர்டைப் பார்த்து வெறும் வயிற்றில் அரை லிட்டர் குடிப்பது வேறு.

இயற்கைதானே என்று நினைத்தால்...

கேரளத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் மரம் இரும்பன் புளி. நம் பக்கம் சிலர் பிலிம்பி என்பார்கள். மீன் குழம்புக்கும் ஊறுகாய்க்கும் போடுகிற காய். இதைச் சாறாகப் பிழிந்து குடித்தால் கொலஸ்ட்ரால் குறையும் என்று அங்கே ஒரு நம்பிக்கை பரவியது. அப்படிக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை, ஐந்து மருத்துவமனைகளின் மருத்துவர்கள் சேர்ந்து 2013-ல் பதிவு செய்தார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. காரணம், அந்தக் காயில் நிறைந்திருக்கும் ஆக்சலேட். குழம்பில் நாலு காய் போட்டால் பிரச்னை இல்லை. நிறையக் காயைப் பிழிந்து வெறும் சாறாகக் குடிக்கும்போது, ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடுகின்றன. நட்சத்திரப் பழமும் இதே குடும்பம்தான். பசலைக்கீரையிலும் ஆக்சலேட் அதிகம். கீரையைக் கூட்டாகச் சாப்பிடுங்கள். பச்சையாக அரைத்துத் தினமும் குடிக்காதீர்கள்.

சுரைக்காய்ச் சாறும் அப்படித்தான். சுரைக்காயும் வெள்ளரியும் சில நேரம் கசக்கும். அந்தக் கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு. 2010-ல் டெல்லியில் விஞ்ஞானி ஒருவர் சுரைக்காயும் பாகற்காயும் சேர்த்த சாற்றைக் குடித்து இறந்துபோனார். பாகற்காயின் கசப்பில் சுரைக்காயின் கசப்பு தெரியாமல் போய்விடும் என்பதுதான் இந்தக் கலவையின் ஆபத்து. அதற்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து விசாரித்தது. சாறு எடுக்கும் முன் ஒரு சிறு துண்டை வாயில் வைத்துப் பாருங்கள், கசந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், வேறு சாற்றோடு கலக்காதீர்கள், குடித்தபின் வாந்தியோ பேதியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அது அறிவுறுத்தியது. இதற்கு முறிவு மருந்து கிடையாது.

கோவிட் காலத்தில் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் கொடியைத் தினமும் காய்ச்சிக் குடித்த சிலருக்குக் கல்லீரல் வீங்கியதை, மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். சீந்திலுக்கும் இந்தப் பாதிப்புக்கும் தொடர்பில்லை என்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. விவாதம் இருக்கட்டும். கல்லீரல் நோயோ தைராய்டு போன்ற கோளாறோ இருப்பவர்கள் இதைத் தாமாகவே மாதக்கணக்கில் குடிப்பதைத் தவிர்ப்பது நல்லது.

இன்னொரு முரண். நச்சை நீக்கும் என்று விற்கும் சில பொடிகளுக்குள்ளேயே நச்சு இருக்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளை 2004-ல் சோதித்தபோது, 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் போன்ற உலோகங்கள் இருந்தன. எல்லா மருந்தும் அப்படி என்று அர்த்தமில்லை. ஆனால் லேபிளில் உற்பத்தி உரிம எண், தயாரிப்புத் தேதி, முகவரி எதுவும் இல்லாத டப்பாவை வாங்காமல் இருக்க இதுவே போதுமான காரணம்.

மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும்...

பணம் போனால் சம்பாதித்துவிடலாம். டீடாக்ஸ் விஷயத்தில் நாம் உண்மையில் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. 'இந்த ஏழு நாளும் இங்கிலீஷ் மருந்து எதுவும் எடுக்கக் கூடாது' என்ற ஒரு வரி.

இன்சுலின் நிறுத்தினால், சிலருக்குச் சில நாட்களிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும். வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரும். சில பிரஷர் மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் பிரஷர் முன்பைவிட வேகமாக ஏறும்.

தலைகீழாகவும் நடக்கும். சுகர் மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டை மட்டும் நிறுத்துவார்கள். கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவருக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். தனியாக வசிக்கும் முதியவர்களுக்கு இது நடந்தால் பார்க்க ஆள் இருக்காது. இன்னொரு பக்கம், வடிகட்டிய பழச்சாற்றை நாள் முழுக்கக் குடித்தால் சர்க்கரை எகிறும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இளநீரும் பழச்சாறும்கூட ஆபத்து. அதில் உள்ள பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாமல் இதயத் துடிப்பே தடுமாறும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் எந்த டீடாக்ஸ் பக்கமும் போகவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சர்க்கரை நோய், புற்றுநோய், பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் போன்ற நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை, 1954-ல் வந்த மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம் தடை செய்கிறது. மீறினால் முதல் முறை ஆறு மாதம் வரை, மறுமுறை ஓராண்டு வரை சிறை. தவறான மருத்துவ விளம்பரங்களுக்காக 2024-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்து, பதஞ்சலி நிறுவனம் பத்திரிகைகளில் பகிரங்க மன்னிப்பு விளம்பரம் வெளியிட நேர்ந்தது நினைவிருக்கலாம். உங்கள் கண்ணில் படும் விளம்பரம் இந்த ரகம் என்றால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் அனுப்பலாம்.

வாங்கும் முன் கேளுங்கள்

* எந்த நச்சை நீக்குகிறது? பெயர் சொல்ல முடியுமா?
* அது என் உடம்பில் இருப்பதை எந்தப் பரிசோதனை காட்டும்? குடித்தபின் அதே பரிசோதனையில் குறையுமா?
* நான் எடுக்கும் மாத்திரைகளோடு இது ஒத்துப்போகுமா? இதைச் சொல்பவர் என் மாத்திரைச் சீட்டைப் பார்த்தாரா?
* ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கேட்பது? முகவரி இருக்கிறதா?
* சொல்பவரே அதை விற்கவும் செய்கிறாரா?

குரூப்பில் எப்படிச் சொல்வது?

வயதில் பெரியவர் அனுப்பிய மெசேஜுக்குக் கீழே 'இது ஃபேக்' என்று ஒற்றை வார்த்தை போட்டால், அவர் மனம் நோகும். வைத்தியத்தை நிறுத்தவும் மாட்டார், நம்மிடம் சொல்லாமல் குடிப்பார். அதுதான் இன்னும் ஆபத்து. அதனால் குரூப்பில் வேண்டாம். தனியாக ஒரு போன் போடுங்கள்.

"பெரியப்பா, அந்த ஜூஸ் குடிக்க ஆரம்பிச்சிட்டீங்களா? சுகர் மாத்திரை போட்டுட்டுத்தானே இருக்கீங்க? அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போறப்போ நானும் வர்றேன், அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுக்கலாம். அதுவரைக்கும் மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உதவ வேண்டும் என்று நினைத்தால், செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. மதுவையும் புகையையும் விடுவது, சுகரையும் பிரஷரையும் கட்டுக்குள் வைப்பது, வலி மாத்திரைகளை இஷ்டத்துக்குப் போடாமல் இருப்பது, கல்லீரலைப் பாதிக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமிக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்வது. சுகரோ பிரஷரோ இருப்பவர்கள் வருடம் ஒருமுறை கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு, ஒரு டீடாக்ஸ் டப்பாவின் விலையைவிடக் குறைவு. ரிசல்ட்டில் நம்பரும் இருக்கும். போன வருடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

தீபாவளிப் பட்சணம் மிச்சம் இருந்தால் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். ராத்திரிக்கு ரசம் சாதம் போதும்.